காட்டுப்பன்றி எங்கே போனது? பழைய ஸ்ட்ராட்டஜி கேம்கள் மீதான ஏக்கம் பற்றி ஓர் எளிய விளக்கம்

பல வருடம் காத்திருந்த ஒரு ஸ்ட்ராட்டஜி கேமின் அடுத்த பாகம் வெளியாகிறது. காசு கொடுத்து வாங்கி, ராத்திரி முழுக்க டவுன்லோடு ஓடவிட்டு, காலையில் பல் துலக்குவதற்கு முன்பே ஆடிப் பார்க்கிறோம். தண்ணீரில் வெயில் மின்னுகிறது. குதிரையின் பிடரி காற்றில் ஆடுகிறது. குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் சாயங்காலம் பார்த்தால், கை தானாகப் போய் 1999-இல் வந்த பழைய பாகத்தைத் திறந்து வைத்திருக்கிறது.

இது ஏன் என்று கேட்டால் இரண்டு பதில்கள் தயாராகக் கிடைக்கும். "உனக்கு வயசாயிடுச்சு" என்பது ஒன்று. "இப்ப வர்றதெல்லாம் குப்பை" என்பது இன்னொன்று. இரண்டுமே யோசிக்க அலுத்துப்போய்ச் சொல்கிற பதில்கள் என்பது என் கட்சி. பழைய கேம் மீதான ஏக்கத்தில் ஒரு பங்கு நம்முடையது, ஒரு பங்கு அந்த கேமுடையது. கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் எது எவ்வளவு என்று பிரித்துவிடலாம். கேம் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில், ஸ்ட்ராட்டஜி கேம் என்றால் என்ன? துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒற்றை வீரன் இதில் நாம் இல்லை. ஒரு ஊர், ஒரு படை, சில சமயம் ஒரு நாடே நம் கையில் இருக்கும். மேலிருந்து பார்த்து, யார் எங்கே போக வேண்டும், எதைக் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட வேண்டும். சதுரங்கம் போல மாறி மாறி ஆடுவது ஒரு வகை. கேம் வடிவமைப்பாளர் சிட் மெய்யரின் பெயரோடு 1991-இல் தொடங்கிய சிவிலைசேஷன் அந்த வகை. யாரும் யாருக்காகவும் காத்திருக்காமல், கடிகாரம் ஓட ஓட எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடுவது ரியல்-டைம் வகை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இந்த வகை. நாம் எடுத்துக்கொள்ளப் போகிற உதாரணம் அதன் இரண்டாம் பாகம்தான்.

அமெரிக்காவின் டல்லாஸில் இருந்த என்செம்பிள் ஸ்டுடியோஸ் உருவாக்கி, மைக்ரோசாஃப்ட் 1999-இல் வெளியிட்டது அது. ஐரோப்பிய, ஆசிய இடைக்காலம்தான் களம். கூடுதல் பாகமான தி கான்கரர்ஸ் 2000-இல் வந்தது. (முதல் சிவிலைசேஷனில் சிட் மெய்யரோடு வேலை செய்த புரூஸ் ஷெல்லி பிறகு என்செம்பிளுக்கு வந்தவர். ஆக, இரண்டு கேம்களும் ஒரு வகையில் பங்காளிகள்.) ஆட்டம் தொடங்கும்போது ஊரின் நடுக் கட்டடமான ஒரு டவுன் சென்டர், வேலை செய்ய மூன்று வில்லேஜர்கள் (ஊர்க்காரர்கள்), வேவு பார்க்க ஒரு குதிரை வீரன். உணவு, மரம், தங்கம், கல் என்று நான்கு வளங்கள். இருண்ட காலத்தில் தொடங்கி, நிலப்பிரபுக் காலம், கோட்டைக் காலம், பேரரசுக் காலம் என்று ஏறிப் போக வேண்டும். அடிப்படை அவ்வளவுதான்.

இப்போது காட்டுப்பன்றிக்கு வருவோம்.

டவுன் சென்டருக்குக் கொஞ்சம் தள்ளி இரண்டு காட்டுப்பன்றிகள் மேய்ந்துகொண்டிருக்கும். ஒரு ஆட்டில் 100 உணவு கிடைக்கும் என்றால் ஒரு பன்றியில் 340. ஆனால் ஆடு சும்மா நிற்கும், பன்றி திருப்பி அடிக்கும். தொடக்கத்தில் ஒரு வில்லேஜரின் உயிர் 25 புள்ளிகள். போய் நின்று நேருக்கு நேர் சண்டை போட்டால் ஆள் காலி. அதனால் ஒரே ஒரு ஆளை அனுப்பி, பன்றி மேல் ஒரு அம்பு விட்டு, அது திரும்பிப் பாய்ந்ததும் உடனே டவுன் சென்டரை நோக்கி ஓடி வர வேண்டும். பன்றி துரத்திக்கொண்டே வரும். வாசலுக்கு வந்ததும், அங்கே ஆட்டிறைச்சி வெட்டிக்கொண்டிருக்கிற ஆறேழு பேரும் ஒன்றாகத் திரும்பி அதை அடிக்க வேண்டும். ஒரு நொடி முந்திக் கிளிக் செய்தால் பன்றி பாதி வழியில் மனம் மாறித் திரும்பிப் போய்விடும். ஒரு நொடி பிந்தினால் ஆள் போய்விடுவார். இத்தனைக்கும் நடுவே, டவுன் சென்டரில் அடுத்த வில்லேஜருக்கு 50 உணவு கட்டி வரிசையில் போட்டிருக்க வேண்டும். 25 நொடிக்கு ஒரு ஆள் வெளியே வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தச் சங்கிலி அறுந்தால் பின்னால் உதைக்கும்.

போர் இன்னும் தொடங்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எதிரியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் உள்ளங்கை வியர்த்துவிட்டது. எழுதி வைத்துப் பார்த்தால் இது வெறும் இழுபறி வேலை. ஒரு பொத்தானை அமுக்கினால் பன்றி தானே வந்து சேரும்படி செய்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். அடுத்த பாகத்தை உருவாக்க உட்காருகிறவர்களுக்கு முதலில் தோன்றுவதும் அதுதான்.

2005-இல் அதே என்செம்பிள், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3-ஐக் கொண்டுவந்தது. அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பியர் குடியேறிய காலம் அதன் களம். பார்க்க அன்றைக்கு மூச்சை நிறுத்தும் அழகு. பீரங்கிக் குண்டு பட்டால் சுவரின் துண்டு பறக்கும், சிப்பாய்கள் தூக்கி எறியப்படுவார்கள். இழுபறி வேலைகளையும் நிறையக் குறைத்திருந்தார்கள். அதில் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

இரண்டாம் பாகத்தில் ஒரு வில்லேஜர் மரம் வெட்டினால், 10 மரம் சேர்ந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் லம்பர் கேம்ப் என்ற மரக் கிடங்குக்கு நடந்து போய்ப் போட்டுவிட்டு வருவார். மரம் வெட்ட வெட்டக் காடு பின்வாங்கும், நடை தூரம் கூடும், வரவு குறையும். அப்போது புதிய கேம்ப் ஒன்றை இன்னும் உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும். மூன்றாம் பாகத்தில் இந்த நடையே கிடையாது. வில்லேஜர் மரத்தடியில் நின்று வெட்டுவார், திரையின் ஓரத்தில் எண் தானாக ஏறும். கல் என்ற வளத்தையும் எடுத்துவிட்டார்கள். பதிலாகத் தாய்நாட்டுத் துறைமுக நகரத்திலிருந்து கப்பலில் உதவி வரவழைக்கும் சீட்டுக்கட்டு முறை ஒன்று வந்தது.

நல்லதுதானே? எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஒரு வாரம் ஆடிய பிறகுதான் உறைத்தது. லம்பர் கேம்ப்பை எங்கே வைப்பது என்பது ஒரு முடிவு. காட்டின் உள்மடிப்பில் வைத்தால் பாதுகாப்பு, ஆனால் இடம் நெருக்கடி. வெளி விளிம்பில் வைத்தால் வரவு அதிகம், ஆனால் எதிரியின் நாலு குதிரை வந்தால் ஆறு பேரும் பலி. எதிரியும் இதே கணக்கைப் போட்டுக்கொண்டு, "இவன் மரக் கேம்ப் எங்கே இருக்கும்?" என்று வேவுக்காரனை அனுப்பிக்கொண்டிருப்பான். நடையை எடுத்தபோது, அதோடு ஒட்டிக்கொண்டிருந்த இந்த முடிவும் பாதி கரைந்துவிட்டது. அலுப்பைப் பெருக்கித் தள்ளும்போது உள்ளே கிடந்த மோதிரமும் சேர்ந்து குப்பைக்குப் போன கதை.

பழைய கேம் ஆட்கள் "அதுல ஏதோ ஒண்ணு இருந்துச்சு" என்று இழுக்கும்போது, சொல்லத் தெரியாமல் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஏக்கத்தில் கேமின் பங்கு இது.

பார்வைக் கோணத்துக்கும் இதில் இடம் உண்டு. இரண்டாம் பாகத்தில் கட்டடமும் ஆட்களும் முன்கூட்டியே வரைந்து வைக்கப்பட்ட தட்டையான படங்கள். கேமராவைச் சுற்ற முடியாது. அது அன்றைய கம்ப்யூட்டரின் வரம்பு. பென்டியம் 166, 32 எம்பி நினைவகம் இருந்தால் ஓடும் என்று பெட்டியிலேயே போட்டிருந்த காலம். ஆனால் கோணம் ஒன்றே என்பதால், அந்தக் கோணத்தில் ஈட்டிக்காரனும் வில்லாளியும் ஒரு பார்வையில் பிரிந்து தெரியும்படி வரைந்தாக வேண்டியிருந்தது. முப்பரிமாணத்துக்குப் போனதும் அழகு கூடியது. அறுபது பேர் மோதும் இடத்தில் யார் எவர் என்று கண்டுபிடிப்பது மட்டும் கஷ்டமாகிவிட்டது. சதுரங்கக் காய்களைத் தத்ரூபமான சிலைகளாகச் செய்து வைத்தால் அலமாரிக்கு அழகு, ஆடுவதற்குத் தொல்லை. அதே மாதிரிதான்.

சரி, இப்போது நம் பங்குக்கு வருவோம். இங்கேதான் கொஞ்சம் வெட்கப்பட வேண்டியிருக்கிறது.

நாஸ்டால்ஜியா என்ற சொல்லை 1688-இல் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் உருவாக்கினார். வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தார். சொந்த ஊரை விட்டு வந்தவர்களைப் படுக்கையில் தள்ளிய ஒரு நோய்க்கு அவர் வைத்த பெயர் அது. ஊர் ஏக்கம் என்பது காலத்தின் மீதான ஏக்கமாக மாறியது பிற்பாடுதான். மனநூலார் இன்னொன்றும் சொல்கிறார்கள். வயதானவர்களிடம் வாழ்க்கையில் நடந்தவற்றைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவை மற்ற வயதுகளைவிட அதிகமாக வந்து விழுகின்றன. முதன்முதலாகச் செய்தவை பெரும்பாலும் அந்த வயதில்தான் நடக்கின்றன என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

எனக்கு அந்த முதன்முதல், எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் நடந்தது. மணிக்கு 20 ரூபாய். பிளைவுட் தடுப்பு வைத்த ஆறு கம்ப்யூட்டர்கள், எல்லாம் ஒன்றோடொன்று லேன் கேபிளில் இணைத்தவை. நாலு பேர் சேர்ந்து ஆடுவோம். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவன் படையைக் கிளப்பிவிட்டான் என்பது அவன் மவுஸை அடிக்கிற வேகத்திலேயே தெரிந்துவிடும். இரண்டு மணி நேரம் கட்டிய கோட்டையை முற்றுகையிடப் போகும் நேரம் பார்த்துக் கரண்ட் போகும். நாலு பேரும் ஒரே குரலில் கத்துவோம். வெளியே வந்து டீக்கடையில் நின்று, கரண்ட் போகாமல் இருந்திருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்று ஒரு மணி நேரம் சண்டை. அந்தச் சண்டைக்கு மணிக்கணக்கில் காசு கிடையாது.

இதில் என்செம்பிள் ஸ்டுடியோஸுக்கு என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. அன்று நாங்கள் வேறு எதை ஆடியிருந்தாலும் இதே நினைவு இப்படியேதான் இருந்திருக்கும். டீயும், பிளைவுட்டும், பள்ளிக்கூடம் விட்ட சாயங்காலமும் சேர்ந்துதான் அந்த ருசி. புதிய கேம் இதற்கு ஈடு கொடுக்கவே முடியாது, அதற்காக அதைக் குற்றம் சொல்லவும் கூடாது. 2021-இல் வந்த நான்காம் பாகத்தை நான் ஆடியது தனியாக, ராத்திரி பதினொரு மணிக்கு, மறுநாள் ஆபீஸ் போக வேண்டுமே என்ற நினைப்போடு.

நினைவு இன்னொரு வேலையும் செய்யும். பழசின் தொல்லைகளைத் துடைத்துவிடும். உண்மையில் 1999 வடிவத்தில் வயல் ஒவ்வொன்றும் விளைந்து முடிந்ததும் பாழாகிக் கிடக்கும். நாமே தேடிப் போய் மறுபடி விதைக்க வேண்டும். ஆலையில் முன்கூட்டியே விதைப்புக்கு வரிசை போட்டு வைக்கும் வசதி அடுத்த வருடம் கான்கரர்ஸில்தான் வந்தது. நாற்பது குதிரைகளை ஒரு வாசல் வழியாகப் போகச் சொன்னால், பத்து போகும், பத்து சுவரை முட்டும், மீதி ஊரைச் சுற்றிக்கொண்டு வேறு வழி தேடும். அந்த ஆண்டுகளில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸைப் பார்த்து, புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட மாதிரி வந்த கேம்கள் எத்தனையோ. அவற்றுக்காக இன்று யாரும் ஏங்குவதில்லை. நல்லது மட்டும் நினைவில் தப்பிப் பிழைக்க, "அந்தக் காலத்துல எல்லாமே நல்லா இருந்துச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அப்படியானால் இரண்டு பங்கையும் பிரிப்பது எப்படி? ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விஷயத்தில் அதற்கு ஒரு நல்ல சோதனை தானாகவே நடந்துவிட்டது. மூன்றாம் பாகத்துக்குப் பிறகு, 2009-இல் என்செம்பிள் மூடப்பட்டது. இணையத்திலேயே ஆடுவதற்கென்று 2011-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆன்லைன் மூன்று வருடம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. 2013-இல் இரண்டாம் பாகத்தையே கொஞ்சம் பளபளப்பாக்கி எச்டி என்று ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் விட்டார்கள். அது ஓடிய ஓட்டத்தில், ரசிகர்களே சேர்ந்து கட்டியிருந்த ஒரு கூடுதல் பாகத்தையும் அதே வருடம் அதிகாரபூர்வமாக வெளியிட்டார்கள். 2019-இல் டெஃபினிட்டிவ் எடிஷன் வந்தது. படங்களை எல்லாம் புதிதாக வரைந்தார்கள். வயல்கள் தாமாகவே விதைத்துக்கொள்ள ஒரு வசதி. பிறகு, வேவுக்காரன் தானாகவே சுற்றிப் பார்க்க ஒரு பொத்தான். இதெல்லாம் சோம்பேறிகளுக்கு என்று முணுமுணுத்தவர்களும் உண்டு; நான் முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பொத்தானை அமுக்கியவன்.

ஆனால் பன்றியை மட்டும் விட்டுவைத்தார்கள். இன்றும் அதை ஆள் அனுப்பித்தான் இழுத்து வர வேண்டும். லம்பர் கேம்ப்புக்கு இன்றும் நடக்கத்தான் வேண்டும். கோணம் இன்றும் அதே கோணம். வயலை மறுபடி விதைப்பதில் முடிவு எதுவும் இல்லை, அது வெறும் கூலி வேலை, அதை எடுத்தார்கள். பன்றியை எப்போது, யாரை அனுப்பி இழுப்பது என்பதில் முடிவு இருக்கிறது, அது தங்கியது. எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று இவ்வளவு சரியாகக் கண்டுபிடித்தவர்கள், அந்த கேமைப் பல வருடம் தங்கள் கையால் திருத்திக்கொண்டிருந்த ரசிகர்களிலிருந்து வந்தவர்கள் என்பது தற்செயல் இல்லை.

இதன் பலன் என்ன? இன்று இதை ஆடுகிறவர்களில், 1999-இல் பிறந்தே இராதவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குப் பிரவுசிங் சென்டர் தெரியாது, கரண்ட் போன சோகம் தெரியாது. ஏங்குவதற்கு அவர்களிடம் பழைய நினைவே கிடையாது. இருந்தும் ஆடுகிறார்கள். 2022-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் கோட்டைக்குள், நிஜக் கோட்டைக்குள், இதற்கு ஒரு பெரிய போட்டி நடந்தது. நான்காம் பாகம் வந்து வருடங்களான பிறகும் பெரும்பாலான நாட்களில் ஸ்டீமில் அதைவிட இரண்டாம் பாகத்தை ஆடுகிறவர்கள்தான் அதிகம். வெறும் வயசுக் கோளாறு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

இதே சோதனை வேறு கேம்களிலும் நடந்திருக்கிறது. 1998-இல் வந்த ஸ்டார்கிராஃப்ட்டை 2017-இல் புதுப்பித்தபோது, நம் படையில் ஒரு நேரத்தில் 12 பேரை மட்டுமே தேர்ந்தெடுத்து உத்தரவு போட முடியும் என்ற பழைய கட்டுப்பாட்டை அப்படியே விட்டார்கள். இன்றைய கண்ணுக்கு அது அபத்தம். ஆனால் தென் கொரியாவில் அதைத் தொழிலாகவே ஆடியவர்களின் கைத்திறமை முழுக்க அந்தக் கட்டுப்பாட்டின் மேல் கட்டப்பட்டது. தளர்த்தியிருந்தால் அது வேறு கேமாகியிருக்கும். நேர்மாறாக, 2020-இல் வந்த வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்டு பழையதைப் புதுப்பிக்கிறேன் என்று கிளம்பி, முதலில் காட்டிய சிலவற்றைத் தராமலும், பழைய வடிவத்தை வைத்திருந்தவர்களையும் புதியதற்குள் இழுத்துப் போட்டும் ஏகப்பட்ட வசவு வாங்கியது. இருந்த வீட்டையும் இடித்துவிட்டால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா?

எளிமையாக்குவதே பாவம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். எக்ஸ்காம் என்ற வேற்றுக்கிரகவாசிப் போர் கேம் 1994-இல் வந்தது. அதில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் நேரப் புள்ளிகள் உண்டு. திரும்ப இத்தனை, குனிய இத்தனை, சுட இத்தனை என்று கணக்குப்பிள்ளை மாதிரிக் கழித்துக்கொண்டே வர வேண்டும். 2012-இல் வந்த புதிய எக்ஸ்காமில் அதைத் தூக்கிக் கடாசிவிட்டு, ஒரு முறைக்கு இரண்டே செயல்கள் என்றார்கள். ஆனால் செத்த சிப்பாய் செத்தவன்தான் என்ற விதியைத் தொடவில்லை. முன்னால் ஓடி ஒளிவதா, நின்ற இடத்திலேயே சுடுவதா என்ற நெஞ்சிடி அப்படியே இருந்தது. பழைய ஆட்களில் பெரும்பாலோர் அதை ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சிவிலைசேஷன் விஷயம் இன்னும் வேடிக்கை. அதன் ஒவ்வொரு பாகத்திலும் மூன்றில் ஒரு பங்கு பழையது அப்படியே, ஒரு பங்கு திருத்தப்பட்டது, ஒரு பங்கு புத்தம் புதிது என்று ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். அந்தப் புத்தம் புதிய பங்குதான் ஒவ்வொரு முறையும் ஊரைக் கூட்டும். 2005-இல் வந்த நான்காம் பாகத்தில் ஒரே கட்டத்தில் எத்தனை படைகளை வேண்டுமானாலும் அடுக்கலாம். 2010-இல் ஐந்தாம் பாகம் கட்டங்களை அறுகோணமாக்கி, ஒரு கட்டத்துக்கு ஒரு படை என்றது. "கேமையே கெடுத்துட்டாங்க" என்று ஒப்பாரி. 2012-இலும் 2013-இலும் இரண்டு கூடுதல் பாகங்கள் வந்து அதைச் செப்பனிட்டன. 2016-இல் ஆறாம் பாகம் வந்தபோது, "ஐந்து எவ்வளவு நல்லா இருந்துச்சு!" என்று அதே மாதிரி ஒப்பாரி. 2025-இல் ஏழு வந்தபோது ஆறுக்கு ஏங்கினார்கள். வெளியாகிச் சில மாதங்கள் ஆன பிறகும் ஸ்டீமில் ஏழாம் பாகத்தைவிட ஆறாம் பாகத்தைத்தான் அதிகம் பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒப்பீட்டிலேயே ஒரு கோணல் இருக்கிறது. நாம் நினைவில் வைத்திருக்கும் பழைய பாகம், கூடுதல் பாகங்களும் பல வருடத் திருத்தங்களும் சேர்ந்த முழு உருவம். எதிரே நிற்கும் புதிய பாகமோ அன்று பிறந்த குழந்தை. ஐந்து வருடம் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். அதுவரை யாருக்குப் பொறுமை இருக்கிறது?

ஏழாம் பாகத்தைப் பற்றி நம்மவர்கள் கேட்டால் காது கூர்மையாகிற ஒரு விஷயம் உண்டு. அதில் ஆட்டம் மூன்று காலங்களாகப் பிரிந்திருக்கிறது. 2025-இல் வெளியானபோது, காலம் மாறினால் நம் நாகரிகத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. நடுக் காலத்தில் வருகிறவர்களில் சோழர்களும் உண்டு. மௌரியராகத் தொடங்கி, சோழராகிக் கடலில் இறங்கி, முகலாயராக முடிக்கலாம். சோழர் கப்பலைப் பார்த்து எனக்கும் புல்லரித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு ஊரை நட்டு, அதையே கடைசி வரைக்கும் வளர்ப்பதுதான் இந்த கேமின் உயிர் என்று இருபது வருடம் பழகியவனுக்கு, நடுவில் பெயர்ப்பலகையை மாற்றச் சொன்னால் ஒட்டவில்லை. இது என் வயசுப் பங்கா, கேமின் பங்கா? முதல் தடவையாக இதையே ஆடுகிற ஒரு பிள்ளைக்கு ஒட்டினால் என் பங்கு. அவனுக்கும் ஒட்டவில்லை என்றால் கேமின் பங்கு. என் சோதனை இவ்வளவுதான்: பழைய நினைவே இல்லாத ஒருவர் கையில் கொடுத்துப் பார்ப்பது.

அதை வீட்டிலேயே செய்து பார்த்தேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு 2022-இல் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்று ஒரு கூடுதல் பாகம் வந்தது. அதில் திராவிடர்கள் ஒரு நாகரிகம். கப்பலும் காலாட்படையும் பலம், குதிரை சுமார்தான். உருமி சுழற்றும் வீரர்கள் உண்டு, திரிசடை என்று ஒரு பெரிய கப்பல் உண்டு, ராஜேந்திர சோழனை வைத்து ஒரு முழுக் கதைத் தொடரே உண்டு. அவர்கள் பேசுவது தமிழ். பிரவுசிங் சென்டர் நாட்களில் பிராங்குகளும் பிரிட்டன்களும் என்னமோ ஒரு மொழியில் முனகுவதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, வில்லேஜரைக் கிளிக் செய்ததும் நம் பாஷை கேட்டால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு காரணமும் இல்லாமல் அவரைத் திரும்பத் திரும்பக் கிளிக் செய்துகொண்டிருந்தேன்.

போன லீவுக்கு வந்த அக்கா மகனுக்குப் பதின்மூன்று வயது. போனில் சுடுகிற கேம் தவிர வேறு ஆடியதில்லை. திராவிடர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லித்தராமல் நான் சமையலறைக்குப் போய்விட்டேன். பத்து நிமிஷம் சத்தமே இல்லை. அலுத்துப்போய் எழுந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

"மாமா! பன்னி நம்ம ஆளைக் கொன்னுடுச்சு!"

"எத்தனை பேரை அனுப்பினே?"

"ஒருத்தரைத்தான். அவரு ஓடவே மாட்டேங்கிறாரு, நின்னுக்கிட்டே அடிக்கிறாரு. இன்னொரு பன்னி இருக்கு, அதை விட மாட்டேன் பாருங்க."

"லூம் போட்டியா? போட்டா ஆளுக்குப் பதினஞ்சு உயிர் கூடும்."

"லூமா? அது எங்க இருக்கு?"

அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.